ஆங்கில வாக்கியத்துக்குச் சரியான டென்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்த எவருக்கும் அந்தப் பன்னிரண்டு கட்ட அட்டவணை நினைவிருக்கும். மேலே பிரசென்ட், பாஸ்ட், ஃபியூச்சர் என மூன்று. பக்கத்தில் சிம்பிள், கண்டினியூஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கண்டினியூஸ் என நான்கு. 'கோ, வென்ட், கான்' என்று மூன்று வடிவங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்கள்கூட, சேலம் ஜங்ஷனில் சந்திக்கும் ஒரு வெளிமாநிலத்தவரிடம் 'நான் பத்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால் தடுமாறுகிறார்கள். அட்டவணை ஒவ்வொரு வடிவத்தையும் எப்படி ஆக்குவது என்று கற்றுத்தருகிறதே தவிர, எந்த இடத்தில் எதை எடுப்பது என்று கற்றுத்தருவதில்லை. விடுபட்ட அந்தப் பகுதியை நாம் தமிழ் வினைமுற்றைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறோம்.

பலருடைய மனத்தில் ஓடும் கணக்கு இப்படி இருக்கும்: 'கிறேன்' என்று வந்தால் 'ஆம்' போட்டு 'இங்' சேர்க்க வேண்டும், 'தேன்' என்று வந்தால் இறந்தகால வடிவம், 'வேன்' என்று வந்தால் 'வில்'. எளிய வாக்கியங்களில் இந்தக் கணக்கு சரியாக வந்துவிடுவதால் அதன்மேல் நம்பிக்கை ஊன்றிவிடுகிறது. தவறுகளும் அங்கிருந்தே கிளம்புகின்றன. தமிழிலக்கணம் கால இடைநிலை என்று சொல்லும் அந்தச் சிறு உறுப்பைப் பார்த்து ஆங்கில டென்ஸை முடிவு செய்யாமல், வாக்கியத்தில் உள்ள நேரச்சொல்லைப் பார்த்து முடிவு செய்யப் பழகினால் குழப்பத்தின் பெரும்பகுதி தானாகவே நீங்கும் என்பதே என் கருத்து. அதற்கான வழியைப் படிப்படியாகக் காண்போம்.

எதிர்மறை வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள்

'வரவில்லை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதில் கால இடைநிலையே கிடையாது. 'மேனேஜர் நேற்று வரவில்லை', 'மேனேஜர் இன்னும் வரவில்லை', 'நான் நாளைக்கு வரவில்லை' என்ற மூன்று வாக்கியங்களிலும் வினை ஒன்றுதான். ஆங்கிலத்தில் இவை 'தி மேனேஜர் டிட் நாட் கம் எஸ்டர்டே', 'தி மேனேஜர் ஹேஸ் நாட் கம் எட்', 'ஐ ஆம் நாட் கமிங் டுமாரோ' என்று மூன்று வெவ்வேறு வடிவங்களாகப் பிரிகின்றன. தமிழ் பேசும் எவரும் இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்லை. 'நேற்று', 'இன்னும்', 'நாளைக்கு' என்ற சொற்கள் காலத்தைக் காட்டிவிடுகின்றன. ஆங்கில வடிவத்தைத் தேர்ந்தெடுக்கவும் அதே சொற்கள் போதும்.

'மாட்டார்' என்பதும் இப்படித்தான். 'அவர் நாளைக்கு வரமாட்டார்' என்றால் 'ஹி வில் நாட் கம் டுமாரோ'. 'அவர் காபி குடிக்கமாட்டார்' என்பது அவருடைய பழக்கத்தைச் சொல்வதால் 'ஹி டஸ் நாட் டிரிங்க் காஃபி' என்று வர வேண்டும். இரண்டாவதற்கும் 'வில் நாட்' போட்டால், ஏதோ கோபத்தில் காபியை மறுக்கிறார் என்ற தொனி வந்துவிடும்.

இந்த இடத்தில் 'டிட் நாட் கேம்', 'டிட் யூ வென்ட்' போன்ற பிழைகளையும் களைந்துவிடலாம். 'டிட்' வந்தவுடன் இறந்தகாலம் அந்தச் சொல்லிலேயே அடங்கிவிடுகிறது; பின்னால் வரும் வினை தன் மூல வடிவத்துக்குத் திரும்பிவிட வேண்டும். 'டஸ்' வந்த பிறகு வினையின் கடைசியில் 'எஸ்' வராததற்கும் இதுவே காரணம்.

மூடிய காலமும் திறந்த காலமும்

சிம்பிள் பாஸ்ட், பிரசென்ட் பெர்ஃபெக்ட் இரண்டுக்கும் இடையில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ஆகவே இதில் சற்று நேரம் செலவிடுவது தகும்.

வாக்கியத்தில் சொல்லப்படும் காலம் முடிந்து மூடிக்கொண்டதா, இன்றுவரை திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக 1917 முதல் 1919 வரை இருந்தார். இதில் ஒரு கால நீட்சி இருந்தாலும் இரு முனைகளும் மூடப்பட்டுவிட்டன. ஆகவே 'ராஜாஜி வாஸ் தி சேர்மன் ஆஃப் சேலம் முனிசிபாலிட்டி ஃப்ரம் 1917 டு 1919' என்று சிம்பிள் பாஸ்டில் எழுதுவோம். அடுத்து, சேலம் 1994-இல் மாநகராட்சி ஆனது. 'சேலம் பிகேம் எ கார்ப்பரேஷன் இன் 1994' என்பதும் மூடிய காலமே, ஏனென்றால் ஆன நிகழ்ச்சி அந்த ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் மாநகராட்சியாக இருக்கும் நிலை இன்றும் தொடர்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் 'சேலம் ஹேஸ் பீன் எ கார்ப்பரேஷன் சின்ஸ் 1994' என்று எழுத வேண்டும். இரண்டு வாக்கியங்களிலும் ஆண்டு ஒன்றுதான். 'இன்' என்ற சொல் அந்த ஆண்டை மூடுகிறது. 'சின்ஸ்' என்ற சொல் அங்கிருந்து இன்றுவரை ஒரு கோட்டை இழுக்கிறது.

இதிலிருந்து கறாரான ஒரு விதி கிடைக்கிறது. 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019', 'டூ டேஸ் அகோ' போன்ற மூடிய நேரச்சொல் இருக்கும் வாக்கியத்தில் 'ஹேவ்', 'ஹேஸ்' இரண்டும் நுழையக் கூடாது. தமிழில் 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்றும், 'நேற்றே அனுப்பிவிட்டேன்' என்றும் இயல்பாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் அலுவலக மின்னஞ்சல்களில் 'ஐ ஹேவ் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறோம். 'ஐ சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே' என்பதே சரி. நாள் குறிப்பிடாமல் 'அனுப்பிவிட்டேன், பாருங்கள்' என்ற பொருளில் சொன்னால் 'ஐ ஹேவ் சென்ட் தி ஃபைல்' சரியாகும், ஏனென்றால் அங்கே முக்கியம் அனுப்பிய நேரமன்று, கோப்பு இப்போது அவரிடம் இருக்கிறது என்பது.

'திஸ் மார்னிங்' போன்ற சொற்கள் சொல்லும் நேரத்தைப் பொறுத்து மாறும். காலை பத்து மணிக்குப் பேசும்போது காலை இன்னும் முடியவில்லை. 'ஐ ஹேவ் ஸ்போக்கன் டு ஹிம் திஸ் மார்னிங்' என்று சொல்லலாம். மாலையில் அதையே சொன்னால் 'ஐ ஸ்போக் டு ஹிம் திஸ் மார்னிங்'. அமெரிக்கர்கள் 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' வரும் இடங்களில் சிம்பிள் பாஸ்டையே தாராளமாகப் பயன்படுத்துவார்கள். அதைப் படத்தில் கேட்டுவிட்டு நாம் படித்தது தவறோ என்று குழம்ப வேண்டியதில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன பத்து வருட வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் 'இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் முடிவதால் 'ஐ ஆம் லிவிங் இன் சேலம் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது. இதில் பிழை இரண்டு. 'பத்து வருடமாக' என்பதில் உள்ள 'ஆக' பழைய காலத்தையும் இன்றையும் இணைப்பதால், ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன்' கட்டாயம் தேவை. பத்து வருடம் என்பது ஒரு கால அளவு. அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. 'ஐ ஹேவ் பீன் லிவிங் இன் சேலம் ஃபார் டென் இயர்ஸ்' அல்லது 'சின்ஸ் 2015' என்று அமைய வேண்டும். தமிழ் வாக்கியத்தில் 'ஆக' அல்லது 'இலிருந்து' வந்து, செயல் இன்னும் நடந்துகொண்டிருந்தால், யோசிக்காமல் 'ஹேவ் பீன்' பக்கம் திரும்பிவிடலாம்.

'போயிருக்கிறார்' என்ற சொல்லும் இரண்டாகப் பிரிவது. 'அண்ணன் ஏற்காட்டுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார்' என்றால் அவர் இப்போது மலையில் இருக்கிறார். 'ஹி ஹேஸ் கான் டு ஏற்காடு'. 'அவர் ஏற்காட்டுக்கு நிறைய முறை போயிருக்கிறார்' என்றால் போய்த் திரும்பிய அனுபவம். 'ஹி ஹேஸ் பீன் டு ஏற்காடு மெனி டைம்ஸ்'. 'ஐ ஹேவ் கான் டு ஏற்காடு' என்று ஒருவர் சேலத்தில் நின்றுகொண்டு சொன்னால், கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம்.

'கிறேன்' எப்போதும் 'இங்' ஆகாது

'தினமும் அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகிறேன்' என்பதிலும், 'இதோ அஸ்தம்பட்டியைத் தாண்டிப் போகிறேன்' என்று கைபேசியில் சொல்வதிலும் வினை ஒன்றே. முதலாவது பழக்கம், 'ஐ கோ'. இரண்டாவது இந்த நிமிடத்தில் நடப்பது. 'ஐ ஆம் கோயிங்'. 'தினமும்', 'வழக்கமாக', 'எப்போதும்' ஆகிய சொற்களில் ஒன்றை வாக்கியத்தில் நுழைத்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் சிம்பிள் பிரசென்ட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நேர்முகத் தேர்வில் 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் சேலம்' என்று பலர் தொடங்குகிறார்கள். சேலத்திலிருந்து இப்போதுதான் பஸ் பிடித்து வந்துகொண்டிருக்கிறேன் என்றே அதற்குப் பொருள். சொந்த ஊரைச் சொல்ல 'ஐ கம் ஃப்ரம் சேலம்' அல்லது 'ஐ ஆம் ஃப்ரம் சேலம்' என்க. அதேபோல 'செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கடை வைத்திருக்கிறோம்' என்பது 'வி ஆர் ஹேவிங்' என்று மாறிவிடுகிறது. உடைமை, அறிவு, விருப்பம், நம்பிக்கை முதலிய நிலைகளைக் குறிக்கும் வினைகளுக்குப் பொதுவாக 'இங்' ஒட்டாது: 'வி ஹேவ் எ ஷாப்', 'ஐ நோ', 'ஐ அண்டர்ஸ்டாண்ட்', 'ஐ வான்ட்'. 'வி ஆர் ஹேவிங் லஞ்ச்' சரிதானே என்று கேட்கலாம். அங்கே 'ஹேவ்' என்பது உண்ணுதல் என்ற செயலைக் குறிப்பதால் சரிதான்.

'வார்', 'உம்' என்று முடிந்தால் 'வில்' என்று பொருளன்று

பள்ளிப் பாடம் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நம் எதிர்கால வடிவம் எதிர்காலத்தோடு நின்றுவிடாமல், நிகழ்காலப் பழக்கத்தையும் கடந்தகாலப் பழக்கத்தையும் சேர்த்தே சுமக்கிறது.

'அப்பா விடியற்காலையிலேயே எழுந்துவிடுவார்' என்பது நாளைய செய்தியன்று. 'மை ஃபாதர் கெட்ஸ் அப் எர்லி' என்று எழுத வேண்டும். 'கோடை மழை பெய்ததும் சேர்வராயன் மலையில் காபிச் செடிகள் பூக்கும்' என்பது ஆண்டுதோறும் நடப்பது. 'தி காஃபி பிளான்ட்ஸ் ஃப்ளவர் ஆஃப்டர் தி சம்மர் ஷவர்ஸ்' என்று சிம்பிள் பிரசென்டில் சொன்னாலே போதும். 'சின்ன வயதில் ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவோம்' என்பதோ முழுக்க முழுக்கப் பழைய கதை. 'வி வில் கோ' என்று எழுதினால் கடந்தகாலம் அப்படியே வருங்காலமாகிவிடும். 'வி யூஸ்டு டு கோ டு தி டெம்பிள் எவ்ரி ஆடி' என்பதே அதற்கு நேரான வடிவம். 'முன்பெல்லாம்', 'அந்தக் காலத்தில்', 'சின்ன வயதில்' என்ற சொற்களோடு 'வோம்', 'வார்' வந்தால் 'யூஸ்டு டு' போடுங்கள்.

உண்மையான எதிர்காலத்துக்கு வந்தால், 'வில்' மட்டுமே ஒரே வழியன்று. முன்பே ஏற்பாடு செய்த பயணத்துக்கு 'ஐ ஆம் லீவிங் டுமாரோ'. கால அட்டவணைப்படி ஓடும் ரயிலுக்கு 'தி டிரெயின் லீவ்ஸ் அட் நைன்'. கருமேகம் திரண்டு மழை வரப்போகிறது என்று கண்ணெதிரே தெரிந்தால் 'இட் இஸ் கோயிங் டு ரெயின்'. பேசும் நொடியில் எடுக்கும் முடிவுக்கும் கொடுக்கும் வாக்குக்கும் 'வில்' பொருந்தும். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கண்டினியூஸ் என்ற பன்னிரண்டாவது கட்டத்தை அன்றாட வாழ்வில் நீங்கள் பயன்படுத்த நேர்வது அரிது. தேர்வுக்குப் படித்தால் போதும்.

'இஃப்', 'வென்' வந்த பக்கத்தில் 'வில்' வராது

'மழை பலமாகப் பெய்தால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள்' என்பதை 'இஃப் இட் ரெயின்ஸ் ஹெவிலி, தே வில் க்ளோஸ் தி காட் ரோடு' என்று எழுத வேண்டும். நிபந்தனை இருக்கும் பக்கத்தில் நிகழ்காலம். விளைவு இருக்கும் பக்கத்தில் மட்டும் 'வில்'. தமிழிலும் 'பெய்தால்' என்ற சொல் எதிர்காலத்தைக் காட்டுவதில்லை என்பதைக் கவனித்தால் இது மறக்காது. 'வென்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

'ஹேட்' போடுவதில் சிக்கனம் வேண்டும்

'போன வாரம் ஏற்காட்டுக்குப் போயிருந்தேன்' என்பது நல்ல தமிழ். அதன் நிழலில் 'ஐ ஹேட் கான் டு ஏற்காடு லாஸ்ட் வீக்' என்று சொல்வது நம்மிடையே மிகப் பரவலாக உள்ளது; கௌரவமான ஆங்கிலம் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். ஒரே ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லும்போது 'ஐ வென்ட்' என்பதே போதும். 'ஹேட்' வருவதற்குக் கடந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் வேண்டும், அவற்றுள் முந்தியது எது என்று காட்ட வேண்டிய தேவையும் இருக்க வேண்டும். 'நாங்கள் அடிவாரம் வந்து சேர்வதற்குள் கடைசி பஸ் போய்விட்டது' என்பதில் அது இருக்கிறது: 'பை தி டைம் வி ரீச்ட் அடிவாரம், தி லாஸ்ட் பஸ் ஹேட் லெஃப்ட்'. இதையே 'பிஃபோர்' போட்டுச் சொன்னால் முன்பின் வரிசை அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடுவதால், 'தி லாஸ்ட் பஸ் லெஃப்ட் பிஃபோர் வி ரீச்ட் அடிவாரம்' என்று 'ஹேட்' இல்லாமலும் நிற்கும்.

ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் பணிபுரியும் இளைஞர், வெளிநாட்டு விருந்தினருக்கு எழுதும் மின்னஞ்சலைக் கற்பனை செய்துகொள்வோம். வரைவு இப்படி இருக்கிறது: 'வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் மெயில் எஸ்டர்டே. வி ஆர் ரன்னிங் திஸ் கெஸ்ட் ஹவுஸ் சின்ஸ் 2008. வென் யூ வில் ரீச் சேலம் ஜங்ஷன், அவர் டிரைவர் வில் மீட் யூ. தி ரோடு இஸ் ஹேவிங் ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ். லாஸ்ட் மன்த் ஒன் கெஸ்ட் ஹேட் டேக்கன் தி சேம் கார். அவர் டிரைவர் டோல்ட் மீ தட் ஹி வில் பிரிங் எ நேம் போர்டு.'

முதல் வாக்கியத்தில் 'எஸ்டர்டே' மூடிய காலம். ஆகவே 'ஹேவ்' போய் 'வி ரிசீவ்ட்' ஆகும். 'எஸ்டர்டே'யை எடுத்துவிட்டால் 'ஹேவ்' இருக்கலாம். கடிதத்துக்கு அதுவே இன்னும் நன்றாக இருக்கும். இரண்டாவதில் 'சின்ஸ்' வந்திருப்பதால் 'வி ஹேவ் பீன் ரன்னிங்'. மூன்றாவதில் 'வென்' பக்கத்து 'வில்' நீங்கி 'வென் யூ ரீச்' என்றாகும். அடுத்த பாதியில் உள்ள 'வில்' அப்படியே இருக்கட்டும். நான்காவது, சாலையின் மாறாத இயல்பு. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் நேற்றும் இருந்தன, நாளையும் இருக்கும். 'தி ரோடு ஹேஸ் ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ்' என்று சிம்பிள் பிரசென்டில் எழுத வேண்டும். மேட்டூர் அணையைப் பற்றி எழுதுவதாக இருந்தாலும் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்: கட்டி முடித்தது 1934-இல், ஆகவே 'வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934', காவிரியின் குறுக்கே நிற்பது இன்றும், ஆகவே 'ஸ்டாண்ட்ஸ் அக்ராஸ் தி காவேரி'. ஐந்தாவதில் நிகழ்ச்சி ஒன்றே ஒன்று. 'எ கெஸ்ட் டுக் தி சேம் கார் லாஸ்ட் மன்த்' என்று எழுதினால் 'ஹேட்' தேவையற்றதாகிவிடும்.

கடைசி வாக்கியத்தில் நிதானிக்க வேண்டும். 'பெயர்ப் பலகை கொண்டு வருகிறேன் என்று டிரைவர் சொன்னார்' என்று தமிழில் சொல்லும்போது, அவர் வாயில் வந்த சொற்களை அப்படியே வைத்து 'என்று' சேர்த்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் வினை நிகழ்காலத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் மேற்கோள் குறி இல்லாமல் சொல்லும்போது, 'டோல்ட்' என்ற இறந்தகால வினை உள்ளே இருக்கும் வினையையும் ஒரு படி பின்னுக்கு இழுப்பதே பொது முறை: 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும், 'ஹேஸ்' என்பது 'ஹேட்' ஆகும். சொன்ன செய்தி இன்னும் செல்லுபடியாகும்போது 'வில்' என்றே விடுவோரும் உண்டு, அதைப் பிழையென்று சொல்ல முடியாது. ஆயினும் எழுத்தில் 'அவர் டிரைவர் டோல்ட் மீ தட் ஹி வுட் பிரிங் எ நேம் போர்டு' என்று எழுதுவதே பாதுகாப்பானது. 'டோல்ட்' என்ற சொல்லுக்குப் பின் 'மீ', 'அஸ்' என யாரிடம் சொன்னார் என்பது கட்டாயம் வர வேண்டும். அதைச் சொல்ல விரும்பாவிட்டால் 'செட்' என்று மாற்றிக்கொள்ளலாம்.